இரண்டு பாதை இருக்கு, சரி. ஒன்றைக் கழற்றிப் பார்த்தீங்களா?

இந்தக் கிழமை எபிசோட்டில் சேர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கிற கதையைக் கதைச்சம். எண்கள் கனக்க வந்ததால், காதால் கேட்கிறதை விடக் கண்ணால் பார்க்கிறது லேசு எண்டு நினைச்சு இதை ஆறுதலாக எழுதுறன். தொடக்கம் எங்கட நகரத்திலேயே நடந்த ஒரு சம்பவம்.

2018 ஏப்ரல் 27, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் ரொறன்ரோ பங்குச்சந்தையில் வியாபாரம் நின்றது. ரிஎம்எக்ஸ் குழுமத்தின் மற்ற இரண்டு பங்குச்சந்தைகளான ரிஎஸ்எக்ஸ் வென்ச்சரும் ஆல்ஃபாவும் அதோட சேர்ந்து நின்றன. வழக்கமாக 4 மணிக்கு மூடுற சந்தை, அண்டைக்கு மீளத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமைதான் பழையபடி ஓடத் தொடங்கியது.

இப்பிடி ஒண்டு நடந்தால் முதலில் வாற கேள்வி, யாரும் ஹக் பண்ணிட்டாங்களோ எண்டதுதான். இல்லை. ரிஎம்எக்ஸ் பிறகு சொன்ன காரணம் சர்வ சாதாரணமானது: மையமாக இருந்த ஒரு ஸ்டோரேஜ் கருவியில் வன்பொருள் பழுது. ஒரு நாட்டின்ர பிரதான பங்குச்சந்தை அது. மாற்று ஏற்பாடு இல்லாமல் யாரும் அதைக் கட்டியிருக்க மாட்டினம். அப்பிடி இருந்தும் ஒரு பெட்டி பழுதாக, ஒரு பிற்பகல் முழுதும் போய்விட்டது.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது எண்டு ஆராய்கிறது எங்கட வேலை இல்லை. எங்கட கேள்வி வேற. உங்களில் கனபேர் மார்க்கத்திலும் மிசிசாகாவிலும் டவுன்ரவுனிலும் ஐரி வேலையில் இருக்கிறீங்கள், அல்லது கோ-ஒப் செய்யிறீங்கள். நீங்கள் பார்க்கிற சேர்வர்களுக்கும் “எல்லாம் இரண்டு இரண்டா இருக்கு” எண்டு யாரோ சொல்லியிருப்பினம். அதை எப்பிடி நம்புறது?

குசினி ஏன் வெளியில?

முதலில் அடிப்படை. ஒரு சேர்வருக்குள்ளேயே டிஸ்க் வைக்கலாம். பிறகு ஏன் அதைத் தூக்கி வேற ஒரு பெட்டியில் வைச்சு, இடையில் வயர் இழுக்கிறம்?

ஒரு கலியாண மண்டபத்தை யோசியுங்கோ. மண்டபத்துக்குள்ளேயே குசினி இருந்தால் சோறு மேசைக்கு வர ஒரு நிமிஷம். ஆனால் அந்த மண்டபத்தில் கரண்ட் போனால் குசினியும் போச்சு, சமைச்ச சாப்பாடும் அதோட போச்சு. குசினி தனிக் கட்டடத்தில் இருந்தால், ஒரு மண்டபம் பழுதானாலும் ஆக்களைப் பக்கத்து மண்டபத்துக்கு மாற்றி, சாப்பாட்டை அங்க அனுப்பலாம். சேர்வரும் இப்பிடித்தான். இருபது வேர்ச்சுவல் மெஷின் ஓடுற ஒரு சேர்வர் செத்தால், அதின்ர டிஸ்க் வெளியில் பொதுவாக இருந்தால்தான் பக்கத்துச் சேர்வர் சில நிமிஷத்தில் அவற்றைத் தூக்கி ஓடவைக்கும்.

ஆனால் குசினி வெளியில் போன நேரத்திலிருந்து றோட்டுத்தான் உங்கட உயிர்நாடி. வான் வராட்டி மண்டபம் நிறைய ஆக்கள் பசியோட இருப்பினம்.

அந்த றோட்டுக்குப் பொதுவாக மூன்று வகை. ஒண்டு, ஃபைல் ஆகப் பகிர்கிறது: என்எஃப்எஸ், எஸ்எம்பி. மற்றது ஐஸ்கசி: டிஸ்க்குக்குப் போற கட்டளைகளைச் சாதாரண ஈத்தர்நெட்டில், ரிசிபிக்குள் சுற்றி அனுப்புறது. இதின்ர தரநிலை 2004இல் வெளிவந்தது. மூன்றாவது ஃபைபர் சனல்: ஸ்டோரேஜுக்கெண்டே தனிக் கார்ட், தனிச் சுவிச், தனி வலையமைப்பு. பின்னால சொன்ன இரண்டிலும் சேர்வர் தூரத்துப் பெட்டியைத் தன்னுடைய சொந்த டிஸ்க் எண்டே நம்புது.

பிரச்சினை தொடங்கிறதும் அந்த நம்பிக்கையில்தான். வெப் பக்கம் வராட்டி நீங்கள் திரும்ப அழுத்துவீங்கள். டிஸ்க் பதில் சொல்லாட்டி ஒபரேற்றிங் சிஸ்டத்துக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது. அது காத்திருக்கும். லினக்ஸில் ஒரு டிஸ்க் கட்டளைக்கு வழமையான காலக்கெடு 30 செக்கன். அதுக்குப் பிறகு திரும்ப முயற்சி செய்யும், பிறகு பிழை எண்டு அறிவிக்கும், பிறகு ஃபைல் சிஸ்டம் தன்னைத்தானே வாசிக்க மட்டும் எண்டு பூட்டிக்கொள்ளும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதோட கதை முடிஞ்சுது. கேபிள் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தாலும் நீங்கள் இரவிரவாக இருந்து திருத்த வேண்டி வரும்.

அகலமான வயர் மட்டும் போதாது

“ஸ்டோரேஜ் மெதுவா இருக்கு” எண்டு முறைப்பாடு வந்தால், கனபேர் முதலில் சொல்லுறது பெரிய லிங்க் வாங்குவம் எண்டுதான். ஒரு கணக்குப் பார்ப்பம்.

ஒரு புரோகிராம் 4 கிலோபைட் டேட்டாவைக் கேட்குது. பதில் வர ஒரு மில்லிசெக்கன். பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். அப்ப ஒரு செக்கனுக்கு 1000 கேள்வி. மொத்தம் 4 மெகாபைட். நீங்கள் போட்டிருக்கிற 10 கிகாபிட் வயர் செக்கனுக்கு ஏறத்தாழ 1250 மெகாபைட் தாங்கும். அதில் 4 மட்டும்தான் ஓடுது. அதை 25 கிகாபிட் ஆக்கினாலும் 4 கிட்டத்தட்ட 4ஆகத்தான் இருக்கும். வான் பெரிசானால் வான் வாற நேரம் குறையுமோ? குறையாது.

இங்கே உதவுறது இரண்டு விஷயம். ஒண்டு, தாமதத்தைக் குறைக்கிறது. மற்றது, ஒரே நேரத்தில் கனக்கக் கேள்விகளை அனுப்புறது, அதாவது கியூ ஆழம். ஒரே நேரத்தில் 32 கேள்வி போனால், ஸ்டோரேஜ் தாங்குமெண்டால், அதே ஒரு மில்லிசெக்கன் தாமதத்தோட செக்கனுக்கு 32,000 கேள்விக்குப் பதில் வரும். அதனால் முறைப்பாடு வந்தால் முதலில் தாமதத்தை அளந்து பாருங்கோ. லிங்க் எவ்வளவு நிரம்பியிருக்கு எண்டது அதுக்குப் பிறகு.

தூரமும் தாமதம்தான். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீற்றர் போக ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கன் எடுக்கும். டவுன்ரவுனிலிருந்து மார்க்கத்துக்கு 30 கிலோமீற்றர் இழை எண்டு வையுங்கோ; போய்வர 0.3 மில்லிசெக்கன். தாங்கலாம். மொன்றியல் 500 கிலோமீற்றருக்கு மேல. போய்வரவே 5 மில்லிசெக்கன் தாண்டும். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இடத்திலும் பதிஞ்ச பிறகுதான் “சரி” சொல்லவேணும் எண்டால், கிட்ட இருக்கிற இடத்தோடதான் அதைச் செய்யலாம். மொன்றியலுக்குப் போற பிரதி சில செக்கன் பிந்தித்தான் போகும். இது பணத்தால் தீர்க்கிற பிரச்சினை இல்லை. ஒளியின்ர வேகத்தை யாரும் விற்கிறதில்லை.

நாலு எண்டு காட்டும், உண்மையில் ஒண்டு

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவம். பாதை அறுந்தால் என்ன செய்யிறது? இரண்டு பாதை போடுறது. சேர்வரில் இரண்டு போர்ட், ஸ்டோரேஜில் இரண்டு கொன்ட்ரோலர். மல்டிபாத் எண்ட சொப்ட்வெயர் இவை எல்லாவற்றையும் ஒரே டிஸ்க் எண்டு காட்டும். அது இல்லாட்டி, ஒரே டிஸ்க்கை இரண்டு பாதையால் பார்க்கிற சேர்வர் “இரண்டு டிஸ்க் இருக்கு” எண்டு நினைக்கும். அதில் இரண்டாவதை யாரும் வெற்று டிஸ்க் எண்டு நினைச்சு ஃபோர்மட் பண்ணினால் முதலாவதும் அழிஞ்சுபோகும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில், மல்டிபாத் திரையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நாலு பாதை பச்சையாகத் தெரியும். ஒரு வருஷமாகக் காலையில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறன். ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அடுத்த நாள் சம்பளத்துக்கான கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, நாலும் ஒரே செக்கனில் சிவப்பாயிற்று. இரண்டு போர்ட், இரண்டு கொன்ட்ரோலர்: பெருக்கினால் நாலு. ஆனால் அந்த இரண்டு போர்ட்டும் ஒரே கார்ட்டில் இருந்தன. செத்தது அந்தக் கார்ட். திரையில் இருந்த நாலு பொய் இல்லை. நான்தான் அதைப் பிழையாக வாசிச்சிருந்தன். ஆக்களுக்குச் சம்பளம் ஒரு நாள் பிந்தியது. வாடகை கட்ட இருந்தவை எத்தனை பேர் எண்டு எனக்குத் தெரியாது, ஆனால் அதை இன்னும் யோசிக்கிறன்.

அண்டைக்குப் பிறகு நான் பாதைகளை எண்ணுறதில்லை. எல்லாப் பாதையும் எங்க ஒண்டாகச் சேருது எண்டுதான் தேடுறன்.

இதுக்கு எல்லாரும் அறிஞ்ச உதாரணம் 2022 யூலை 8. ரொஜர்ஸ் விழுந்த வெள்ளிக்கிழமை. 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளருக்குச் சேவை போனது. வீட்டில் ரொஜர்ஸ் இன்ரர்நெட், கையில் ஃபீடோ போன் வைச்சிருந்த குடும்பங்கள் “ஒண்டு போனால் மற்றது இருக்கு” எண்டு நினைச்சிருக்கும். ஃபீடோ ரொஜர்ஸின்ர பிராண்ட். இரண்டு பில், ஒரே வலையமைப்பு. இன்ரராக்கும் அதோட நின்றதால் கடைகளில் டெபிட் வேலை செய்யேல்லை. ஒரு வழங்குநர் போதாது எண்டு இன்னொருவரையும் சேர்க்கப் போறதாக இன்ரராக் பிறகு அறிவித்தது.

பிறகு சிஆர்ரிசி வெளியிட்ட சுயாதீன ஆய்வு இன்னும் இரண்டு விஷயம் சொன்னது. மொபைல், வீட்டு இன்ரர்நெட் இரண்டும் ஒரே மைய வலையமைப்பில் தங்கியிருந்தன. அதைவிட முக்கியம்: பழுதைப் பார்க்க எஞ்சினியர்மார் பாவிக்கிற மேலாண்மை வலையமைப்பும் அதே மையத்தில் தங்கியிருந்தது. வீடு பூட்டிப்போச்சு, திறப்பு வீட்டுக்குள்ள.

உங்கட ஸ்டோரேஜுக்கும் இதே கண்ணால் பாருங்கோ. இரண்டு கார்ட் இருக்கோ, அல்லது ஒரு கார்ட்டில் இரண்டு போர்ட்டோ? இரண்டு சுவிச்சும் ஒரே பவர் பட்டியில் செருகியிருக்கோ? ஃபைபர் சனலில் ஏ, பி எண்டு இரண்டு வலையமைப்பைத் தனித்தனியாகக் கட்டி, ஒண்டோட ஒண்டு தொடாமல் வைக்கிறது இதுக்காகத்தான்: ஒரு பக்கத்தில் யாரும் பிழையாகக் கொன்ஃபிக் பண்ணினால் மற்றப் பக்கத்துக்கு அது பரவாது. ஐஸ்கசியிலும் அதே மாதிரி இரண்டு சுவிச், இரண்டு சப்நெட் போட்டு, பாதை மாற்றுற வேலையை மல்டிபாத்திட்ட விடுங்கோ. இரண்டு வயரைச் சேர்த்து ஒரு தடிச்ச வயர் ஆக்கினால் ஒரு ரிசிபி இணைப்பு வேகமாகாது. அது எப்பவும் ஒரு வயரில்தான் ஓடும். ஸ்டோரேஜின்ர மேலாண்மைப் பக்கத்தைத் திறக்க, அதே ஸ்டோரேஜில் ஓடுற வேர்ச்சுவல் மெஷினுக்குள் போக வேணுமோ? அப்ப உங்கட திறப்பும் வீட்டுக்குள்ளதான்.

இருந்தும் ஏன் விழுகுது?

உண்மையில் இரண்டு பாதை இருந்தும், ஒண்டு அறுந்தால் எல்லாம் விழுகிறதுக்குப் பொதுவான காரணங்கள் மூன்று.

முதலாவது, பொறுமை கூடிப்போறது. லினக்ஸ் ஐஸ்கசியில், இணைப்பு அறுந்தால் அது திரும்பி வருமோ எண்டு 120 செக்கன் காத்திருக்கிற மாதிரித்தான் பெட்டியிலிருந்து வருது. ஒரே பாதை எண்டால் அது நல்ல குணம். இரண்டாவது பாதை பக்கத்தில் சும்மா நிற்கும்போது இரண்டு நிமிஷம் காத்திருக்கிறது பைத்தியம். மல்டிபாத் போட்டால் இதை 5 செக்கன் அளவுக்குக் குறைக்கிறதுதான் வழக்கம். ஸ்டோரேஜ் விற்கிற கம்பனியின்ர வழிகாட்டியில் இந்த எண்கள் இருக்கும். அதை வாசிச்சு அப்பிடியே போடுங்கோ.

இரண்டாவது, பாதி விதி. இரண்டு கொன்ட்ரோலரும் வேலை செய்யுது, ஒவ்வொண்டும் 70 வீதம் நிரம்பியிருக்கு. எல்லாம் நல்லா ஓடுது, மனேஜரும் சந்தோஷம். ஒண்டு செத்தால் மற்றதுக்கு 140 வீத வேலை. அது சாகாது, ஆனால் தாமதம் கூடிக் கூடி, காலக்கெடுக்கள் தாண்டி, பாவிக்கிற ஆக்களுக்கு அது செத்த மாதிரித்தான் தெரியும். இரண்டில் ஒண்டு மாற்று எண்டால் இரண்டும் சேர்ந்து 100ஐத் தாண்டக்கூடாது. மாதத்துக்கு ஒருக்கா இந்தக் கூட்டலைச் செய்து பாருங்கோ; ஏன் எண்டால் ஸ்டோரேஜ் போட்ட அண்டைக்கு அது 30 வீதமாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது, பாதி செத்த பாதை. முழுக்கச் செத்த கேபிளை மல்டிபாத் கெதியா விலக்கும். ஊத்தை பிடிச்ச இழை அல்லது பழுதாகிற ஒப்டிக், ஒருக்கா வரும், ஒருக்கா போகும். ஒவ்வொரு முறை வரும்போதும் மல்டிபாத் அதை நம்பி வேலை குடுக்கும், பிறகு ஏமாறும். முழுப் பழுதை விட இது மோசம். ஐஸ்கசியில் இதுக்கு ஒரு சகோதரம் இருக்கு: பக்கெற் அளவு ஒத்துப்போகாதது. சேர்வரில் 9000, ஸ்டோரேஜில் 9000, இடையில் ஒரு சுவிச்சில் மட்டும் 1500. லொகின் ஆகும், டிஸ்க் தெரியும், சின்னக் கட்டளை எல்லாம் போகும். பெரிசா எழுதத் தொடங்கினதும் உறைஞ்சு நிற்கும். துண்டாக்கக்கூடாது எண்டு சொல்லி 8972 பைட் பிங் ஒண்டை ஒவ்வொரு பாதையாலும் அனுப்பிப் பாருங்கோ. 9000இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 போக மிச்சம் அது. போகாட்டி இடையில் யாரோ ஒத்துப்போகேல்லை.

கழற்றிப் பார்க்கிற இரவு

மேல சொன்ன எல்லாவற்றையும் தாளில் சரிபார்க்கலாம். ஆனால் வேலை செய்யுமோ எண்டு அறிய ஒரே வழிதான் இருக்கு: நீங்களே கழற்றிப் பார்க்கிறது.

அனுமதி எடுத்து, ஒரு சனிக்கிழமை இரவு வைச்சுக்கொள்ளுங்கோ. முதலில் நல்ல பக்கப் இருக்கோ, அதைத் திருப்பி எடுக்க முடியுதோ எண்டு பாருங்கோ. இரண்டு பாதை இருக்கிறது பக்கப் இல்லை. நீங்கள் பிழையாக அழிச்சால் இரண்டு பாதையாலும் வடிவா அழியும். பிறகு ஒரு டெஸ்ட் சேர்வரில் டிஸ்க்குக்கு வேலை குடுத்து ஓடவிடுங்கோ. சும்மா இருக்கிற சிஸ்டத்தில் கழற்றினால் ஒண்டும் தெரியாது.

ஒரு கேபிளைக் கழற்றுங்கோ. எத்தனை செக்கன் உறைஞ்சது? எழுதிவையுங்கோ. திரும்பச் செருகுங்கோ. பாதை தானாகத் திரும்பி வந்ததோ? இதைக் கனபேர் பார்க்கிறதில்லை. போன மாதம் கழன்று திரும்பி வராத பாதையோட, இண்டைக்கு மற்றதைக் கழற்றினால் என்ன ஆகும் எண்டு யோசியுங்கோ. பிறகு ஒரு சுவிச்சை முழுதாக நிப்பாட்டுங்கோ. கடைசியாக ஒரு கொன்ட்ரோலரை நிப்பாட்டிப் பாருங்கோ. ஒவ்வொண்டுக்கும் நேரம், நடந்தது, யார் நிண்டது எண்டு குறிப்பு. ஒரு படியில் பிழைச்சால் அதோட நிறுத்தி, அதைத் திருத்தின பிறகு அடுத்தது.

“ஓடுற சாமானை ஏன் போய்க் கிண்டுறாய்?” எண்டு மனேஜர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்தக் கேபிள் எப்பவோ ஒரு நாள் தானாகக் கழரத்தான் போகுது. அது சனிக்கிழமை இரவு, நாலு பேர் கோப்பியோட பக்கத்தில் நிற்கும்போது நடக்கவேணுமோ, அல்லது வெள்ளிக்கிழமை பிற்பகல், முழு நாடும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கவேணுமோ? தெரிவு அவ்வளவுதான்.

உங்களில் கனபேர் வேலையில் ஆக இளையவர். அம்மா அப்பா பக்டரியிலும் இரவு ஷிஃப்ற்றிலும் நிண்டு எங்களைப் படிக்கவைச்சவை. வேலையில் வாய் காட்டாதை எண்டு சொல்லித்தான் அனுப்புவினம். அவைக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் “இதைக் கடைசியா எப்ப கழற்றிப் பார்த்தது?” எண்டு கேட்கிறது வாய் காட்டுறது இல்லை, அது உங்கட வேலை. திங்கட்கிழமை ஒருக்கா மரியாதையாகக் கேட்டுப் பாருங்கோ. திகதி ஒண்டு சொன்னால் நல்ல இடத்தில் வேலை செய்யிறீங்கள். எல்லாரும் ஆளை ஆள் பார்த்தால், அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் எழுதிக் குடுங்கோ.

அடுத்த எபிசோட்டில் பக்கப் எடுத்து, அதைத் திருப்பி எடுக்க முடியாமல் போன கதைகள். உங்களிட்டயும் ஒண்டு இருந்தால், கம்பனியின்ர பெயர் போடாமல் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. தமிழில், தங்கிலீஷில், எப்பிடி எண்டாலும் சரி. வாசிப்பம்.